கல்லில் இருப்பதும் கல்லைப் பற்றிச் சொல்வதும்: உத்திரமேரூரை வைத்து வரலாற்றுச் சான்றுகளை ஆராயும் முறை

வரலாற்றுப் பாடத்தில் முதன்முறையாக ஆய்வுக் கட்டுரை எழுத வரும் மாணவரிடம் முதன்மைச் சான்று எது, இரண்டாம் நிலைச் சான்று எது என்று கேட்டால் பெரும்பாலும் சரியான விடையே வருகிறது. ஆராயும் காலத்திலேயே உருவான கல்வெட்டு, செப்பேடு, நாணயம், கடிதம், நாட்குறிப்பு, அரசாணை ஆகியவை முதன்மைச் சான்றுகள். அவற்றைப் படித்துப் பிற்காலத்தவர் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் இரண்டாம் நிலைச் சான்றுகள். வரையறையில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. இரண்டையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு முதல் பத்தியை எழுத உட்காரும்போதுதான், சான்றில் உள்ளது எது, சான்றைப் பற்றி ஒருவர் சொன்னது எது என்ற எல்லை கலைந்துபோகிறது.

இளங்கலையில் படித்தபோது உத்திரமேரூரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில், 'சோழர் காலத்தில் ஊர் மக்கள் அனைவரும் குடவோலை முறையில் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. ஆசிரியர் அதன் கீழே கோடிட்டு, ஓரத்தில் 'கல்வெட்டின் எந்த வரியில்?' என்று மட்டும் எழுதியிருந்தார். நூலகத்தில் கல்வெட்டின் வாசகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். எந்த வரியிலும் இல்லை. 'ஊர் மக்கள் அனைவரும்', 'வாக்களித்து', 'பிரதிநிதிகள்' ஆகிய மூன்றும் பாடநூல்களிலிருந்தும் செய்தித்தாள் கட்டுரைகளிலிருந்தும் என் கைக்கு வந்து, கல்வெட்டின் சொற்களைப் போல உட்கார்ந்துவிட்டவை. ஓரத்தில் எழுதப்பட்ட அந்தக் கேள்வியைக் கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் போட்டுப் பார்க்கும் பழக்கத்தைத்தான், அதே கல்வெட்டை எடுத்துக்காட்டாக வைத்து, இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதலில் கேள்வி, பிறகு சான்று

'சோழர் கால ஊராட்சி' என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு சான்றைத் திறந்தால் எல்லாமே முக்கியமாகத் தெரியும், எதையும் விட மனம் வராது. 'முதலாம் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூர்ச் சபையின் வாரியங்களுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று விதிக்கப்பட்டது?' என்பது கேள்வி. (வாரியம் என்பது சபை தன் வேலைகளுக்காக வைத்திருந்த குழு.) இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால், எந்தச் சான்று தேவை, அதில் எந்தப் பகுதி தேவை என்பது தானாகவே தெளிவாகும்.

கேள்வி மாறினால் சான்றின் வகையும் மாறும் என்பதையும் இங்கேயே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாறு, நிர்வாகம் பற்றிய தம் ஆய்வுகளை 1932இல் நூலாக வெளியிட்டார். பத்தாம் நூற்றாண்டுச் சபையைப் பற்றி எழுதுபவருக்கு அது இரண்டாம் நிலைச் சான்று. தன்னாட்சிக் கோரிக்கை வலுத்திருந்த அந்த ஆண்டுகளில் இந்திய வரலாற்றாசிரியர்கள் பழைய ஊராட்சியை எப்படிப் பார்த்தார்கள் என்று ஆராய்பவருக்கோ அதே நூல் முதன்மைச் சான்று. ஒரு நூலின்மேல் ஒரு முத்திரையை நிரந்தரமாகக் குத்திவிட முடியாது.

கல்லிலிருந்து உங்கள் கைவரை

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு கல்வெட்டுகள்; இரண்டும் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தவை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அவை இருக்கின்றன. ஆனால் கட்டுரை எழுதும் மாணவர் பெரும்பாலும் சுவரைப் படிப்பதில்லை. அச்சிட்ட வாசகத்தையோ மொழிபெயர்ப்பையோதான் படிக்கிறார். கல்லுக்கும் அந்த அச்சுப் பக்கத்துக்கும் நடுவே எத்தனை கைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.

முதலில் மைப்படி. கல்லைத் துடைத்துச் சுத்தம் செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் வரும். கல் பொரிந்த இடத்தில் உள்ள பள்ளமும் வெள்ளையாகவே வரும் என்பதால், அது எழுத்தா சிதைவா என்று படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்தது வாசிப்பு. அக்காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை. வடசொற்கள் கிரந்த எழுத்தில் இடையிடையே வரும். ஆகவே அச்சில் நாம் காணும் ஒவ்வொரு புள்ளியும், சொற்களுக்கு இடையே விட்ட ஒவ்வொரு இடைவெளியும் பதிப்பாசிரியர் எடுத்த முடிவு. பகர அடைப்புக்குள் இருக்கும் எழுத்துகள் அவர் ஊகித்து நிரப்பியவை; புள்ளி வரிசை இருந்தால் அங்கே கல் அழிந்திருக்கிறது. இந்தக் குறியீடுகளைக் கவனிக்காமல் வாசகத்தை எடுத்தாள்பவர், பதிப்பாசிரியரின் ஊகத்தைச் சோழர் காலத்துச் சொல்லாக எண்ணிக்கொள்வார்.

அதன் பிறகு மொழிபெயர்ப்பு வருகிறது. அங்கேதான் மிகப் பெரிய மாற்றங்கள் நிகழ்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு போதும். வாரியத்துக்கு வருபவருக்கு 'கால் நிலத்துக்கு மேல்' இறைநிலம் (வரி செலுத்தும் நிலம்) இருக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. மொழிபெயர்ப்புகளில் அது 'கால் வேலி' என்று இருக்கும். 'வேலி' என்ற நில அளவைச் சொல் பதிப்பாசிரியர் சேர்த்தது. காரணத்தோடு சேர்த்ததுதான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். ஆனால் சில கட்டுரைகள் அதற்கு அப்பாலும் சென்று, பிற்காலத்து வேலிக் கணக்கை எடுத்து, 'ஒன்றரை ஏக்கர் நிலம் வைத்திருக்க வேண்டும்' என்று எழுதிவிடுகின்றன. கல்லில் இருந்தது 'கால்'. அதை 'வேலி' ஆக்கியது ஒரு படி. 'ஏக்கர்' ஆக்கியது இன்னொரு படி. மூன்றாவது படியில் நிற்கும் வாக்கியத்துக்கு முதல் படியைச் சான்றாகக் காட்டக் கூடாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். கல்வெட்டுத் துறையினர் படியெடுத்த ஆண்டையும் வரிசை எண்ணையும் சேர்த்துக் கல்வெட்டுகளைக் குறிப்பது வழக்கம். உத்திரமேரூரின் இவ்விரு கல்வெட்டுகளும் 1898ஆம் ஆண்டின் 1, 2 என்ற எண்களைக் கொண்டவை. கல்வெட்டு அறிஞர் வெங்கையா இவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் பதிப்பித்தார். நீங்கள் பயன்படுத்தும் நூல் எதுவாக இருந்தாலும், அது இந்த எண்ணைத் தருகிறதா, எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள். எண்ணே இல்லாமல் 'கல்வெட்டு கூறுகிறது' என்று மட்டும் சொல்லும் பக்கத்திலிருந்து ஒரு வரியும் எடுக்காதீர்கள். மொழிபெயர்ப்பை மட்டும்தான் பார்க்க முடிந்தது என்றால், அதை மறைக்காமல் அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள், அது குறையாகாது.

யாருடைய ஆட்சி, எந்த ஆண்டு

கல்வெட்டில் 919 என்றோ 921 என்றோ எழுதியிருக்காது. 'மதிரை கொண்ட கோப்பரகேசரி வர்மர்க்கு யாண்டு' பன்னிரண்டாவது, பதினாலாவது என்றுதான் இருக்கும். 'பரகேசரி' என்பது ஒருவருடைய பெயர் இல்லை. சோழ மன்னர்கள் இராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். விஜயாலயனும் பரகேசரி, முதலாம் பராந்தகனும் பரகேசரி, முதலாம் இராஜேந்திரனும் பரகேசரி. எனவே பட்டத்தை மட்டும் வைத்து மன்னரை அடையாளம் காண முடியாது. 'மதிரை கொண்ட' (மதுரையை வென்ற) என்ற அடைமொழிதான் இங்கே முதலாம் பராந்தகனைக் காட்டித் தருகிறது. அவன் 907இல் ஆட்சிக்கு வந்தான் என்ற கணிப்பை வைத்து 12ஆம் ஆட்சியாண்டை 919 என்றும், 14ஆம் ஆட்சியாண்டை 921 என்றும் நூல்கள் தருகின்றன. ஆட்சியாண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. அது இரண்டு ஆங்கில ஆண்டுகளைத் தொட்டுக்கொண்டு போகும். அதனால் சில நூல்களில் ஓராண்டு முன்பின்னாக இருந்தால் பதற வேண்டாம். கட்டுரையில் ஆட்சியாண்டை முதலில் எழுதி, பொது ஆண்டை அதன் பக்கத்தில் தருவதே பாதுகாப்பான முறை.

எழுதியவர் யார், எதற்காக எழுதினார்

எந்த முதன்மைச் சான்றையும் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்கும் விதம் மட்டும் சான்றுக்குச் சான்று மாறும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பைப் படிப்பவர், எழுதியவர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த வணிகர் என்பதையும், பேச்சையும் பகையையும் தம் பக்கத்திலிருந்தே பதிந்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. கல்வெட்டில் அப்படி ஒரு தனி மனிதர் நம்மிடம் பேசுவதில்லை; ஒரு நிறுவனம் பேசுகிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் பேசுவது உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபை. 'சதுர்வேதிமங்கலம்' என்ற பெயரே அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர் என்பதைச் சொல்லிவிடுகிறது. சபை தான் செய்த வியவஸ்தையை, அதாவது தனக்கு வகுத்துக்கொண்ட ஒழுங்கை, மத்தியஸ்தன் என்ற ஊர் அலுவலரைக் கொண்டு எழுதுவித்திருக்கிறது. எதற்காக என்பதையும் கல்வெட்டே சொல்கிறது: ஊரில் துஷ்டர் கெட்டு விசிஷ்டர் வர்த்திக்க வேண்டும், அதாவது தீயவர் அழிந்து நல்லவர் தழைக்க வேண்டும், என்பதற்காக. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரசனின் ஸ்ரீமுகம், அதாவது அரசாணை, வந்திருக்கிறது. அதன்படி 12ஆம் ஆண்டில் தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி உடனிருக்கச் சபை இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. இந்த அதிகாரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நிலை நூல்களைப் படிக்கும்போது அவர் மறுபடியும் வருவார்.

சொல் சொல்லாக வாசித்தல்

இதுதான் இந்த வேலையின் நடுமையம். அவசரப்படாமல் ஒரு நாள் முழுவதையும் இதற்குக் கொடுங்கள். நோட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் கல்வெட்டின் சொற்களை அப்படியே எழுதுங்கள். வலப்பக்கம் அவற்றிலிருந்து உங்களுக்கோ பிறருக்கோ தோன்றும் கருத்தை எழுதுங்கள். இடப்பக்கத்தில் உங்கள் சொல் ஒன்றுகூட வரக்கூடாது.

இரண்டாம் கல்வெட்டில், அதாவது 14ஆம் ஆண்டுக்குரியதில், தகுதிகள் இப்படி வருகின்றன. ஊரின் முப்பது குடும்புகளிலும் (ஊரின் பிரிவுகளிலும்) அந்தந்தக் குடும்பினர் கூடுகிறார்கள். கால் நிலத்துக்கு மேல் இறைநிலம் உடையவராய், தம் மனையில் வீடு எடுத்துக்கொண்டு இருப்பவராய், எழுபது வயதுக்குக் கீழும் முப்பத்தைந்து வயதுக்கு மேலும் உள்ளவராய், மந்திரப் பிராமணம் (வேதப் பகுதிகள்) வல்லவராய் இருப்பவருடைய பெயரைக் குடவோலைக்குத் தீட்டுகிறார்கள். அரைக்கால் நிலமே உடையவர் என்றாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விரிவுரையும்) அறிந்தவருக்கு இடமுண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவருக்கு இடமில்லை. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவருக்கும் இடமில்லை. அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன், தகப்பன், மகன் என்று நீளும் உறவினர் வரிசைக்கும் இடமில்லை. கள்ள ஆவணம் எழுதியவரையும் கழுதை ஏறியவரையும் கூட விலக்கி வைத்திருக்கிறார்கள்.

கணக்குக் காட்டாத ஒருவருக்காக அவர் அத்தை மகன் வரை விலக்கப்பட்டான் என்பதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அந்த வியப்பு வலப்பக்கத்துக்கு உரியது. இடப்பக்கத்தில் உறவுப்பெயர்கள் மட்டுமே இருக்க வேண்டும்.

அடுத்து, எடுக்கும் முறை. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் தனித்தனிக் கட்டாகக் கட்டி, அந்தக் குடும்பின் பெயரெழுதிய வாயோலையை மேலே பூட்டி, முப்பது கட்டுகளையும் குடத்தில் இடுகிறார்கள். இளையோரும் முதியோருமாக மகாசபை கூடியிருக்கிறது. அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் (பூசகர்கள்) அனைவரும் சபைக்குள் இருத்தப்படுகிறார்கள். அவர்களில் மூத்தவர் குடத்தை எடுத்து எல்லாரும் காணும்படி மேல்நோக்கி நிற்க, உள்ளே இருப்பதன் வேறுபாடு அறியாத ஒரு பாலனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பிக்கிறார்கள். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அந்தப் பாலனே எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றுக்கொள்கிறான், படிக்கிறான், நம்பிமார் எல்லாரும் படிக்கிறார்கள், அதன் பிறகே அந்தப் பெயர் எழுதிக்கொள்ளப்படுகிறது.

இந்த இடத்தில் நிறுத்தி, வலப்பக்கத்தில் என்ன எழுதலாம் என்று யோசியுங்கள். கை விரித்து ஏற்க வேண்டும் என்ற விதி, விரலிடுக்கில் ஓலையை மாற்றிவிடும் வாய்ப்பை அவர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. இது ஊகம்தான், ஆனால் சொல்லோடு ஒட்டி நிற்கும் ஊகம். 'தேர்தல்', 'வாக்கு' என்ற சொற்களுக்கு அப்படி ஒட்டிக்கொள்ள இடமே இல்லை. பெயரை எடுப்பது குழந்தையின் கை. அதாவது நடப்பது திருவுளச் சீட்டு. ஒருவருக்கு இன்னொருவரைவிட அதிக ஆதரவு இருக்கிறதா என்று எண்ணும் செயல் கல்வெட்டில் எங்குமே இல்லை. 'குடவோலைத் தேர்தல்' என்று பாடநூலில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது சற்று அதிர்ச்சியாகக்கூட இருக்கும். என்றாலும் இடப்பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் வேறு முடிவுக்கு வர முடியாது.

ஒரு கேள்வி மட்டும் திறந்தே இருக்கிறது. குடும்பினர் கூடிப் பெயர் தீட்டினார்கள் என்றால், தகுதி உள்ள எல்லாருடைய பெயரையும் எழுதினார்களா, தகுதி உள்ளவர்களிலும் தாங்கள் விரும்பிய சிலருடைய பெயரை மட்டும் எழுதினார்களா? இரண்டாவது சரி என்றால், சீட்டுக்கு முந்தைய படியில் ஒருவகைத் தெரிவு இருந்திருக்கிறது. சொற்கள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. இப்படிப்பட்ட இடத்தைக் கண்டால் பக்க ஓரத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள்.

இரண்டு கல்வெட்டுகளையும் ஒன்றாக்காதீர்கள்

12ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது வரம்பு முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். 14ஆம் ஆண்டில் அது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். விலக்கப்பட்டவர்களின் பட்டியலும் இரண்டாவதில்தான் விரிவாக இருக்கிறது. பல கட்டுரைகள் இரண்டையும் கலந்து ஒரே சட்டமாகத் தருகின்றன. அப்படிக் கலக்கும்போது மிக அரிய செய்தி ஒன்று காணாமல் போகிறது: இரண்டே ஆண்டுகளில் சபை தன் விதியைத் திருத்தியிருக்கிறது. முதல் ஏற்பாட்டில் ஏதோ ஒன்று சரிவரவில்லை என்று கருதலாம். என்ன சரிவரவில்லை என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. 'ஊழல் பெருகியதால் விதி திருத்தப்பட்டது' என்று எழுதினால், நீங்களே ஒரு நிகழ்வைப் படைத்துவிட்டீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. விதி என்பது நடைமுறை ஆகாது. குற்றம் கண்டால் வாரியத்தாரை அப்போதே விலக்க வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. யாரேனும் அப்படி விலக்கப்பட்டாரா என்பதை இந்த இரண்டு கல்வெட்டுகளிலிருந்து அறிய முடியாது. 'விதிக்கப்பட்டது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'விலக்கப்பட்டனர்' என்று எழுதுவது வினைமுற்றில் செய்யும் சிறு மாற்றம்தான். ஆனால் சட்டம் நிகழ்வாகிவிடுகிறது. வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது வினைமுற்றுகளைத்தான்.

சொல்லாததைச் சொல்லாததாகவே விடுதல்

இந்தக் கல்வெட்டு பேசுவது ஒரு பிரமதேயச் சபையைப் பற்றி. அதே ஊரில் நிலத்தை உழுதவர்கள், நெய்தவர்கள், குயவர்கள் வாரியத்துக்கு வரலாமா என்று கேட்டால், நேரடி விடை இல்லை. வேதம் அறிந்திருக்க வேண்டும் என்ற தகுதியும் சபையின் தன்மையும்தான் மறைமுகமாக விடை சொல்கின்றன. சோழ நாட்டில் சபை மட்டும் இருக்கவில்லை. வேளாண் ஊர்களில் 'ஊர்' என்ற அவை இருந்தது. வணிகர்களுக்கு 'நகரம்' இருந்தது. இந்த வேறுபாட்டை நீலகண்ட சாஸ்திரியே தெளிவாக எழுதியிருக்கிறார். ஆகவே உத்திரமேரூரை மட்டும் காட்டி 'சோழ நாட்டு ஊர்கள் எல்லாவற்றிலும் குடவோலை நடந்தது' என்று எழுத முடியாது. எழுத வேண்டுமானால் வேறு ஊர்களின் கல்வெட்டுகளையும் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு சான்று எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், அது தன் ஊருக்கும் தன் ஆண்டுக்கும்தான் பொறுப்பேற்கும்.

இரண்டாம் நிலை நூல்களிடம் என்ன கேட்பது

இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் பிறர் நூல்களைத் திறக்கச் சொல்வேன். பின்னணி தெரிந்துகொள்ள ஓர் அறிமுக நூலை முன்பே படிப்பதில் தவறில்லை. ஆனால் வாதங்களைப் படிக்கும்முன் உங்கள் இடப்பக்கம் நிறைந்திருக்க வேண்டும். வரிசை மாறினால், நூலாசிரியர் தம் கண்ணாடியை உங்களுக்கு மாட்டிவிடுவார். பிறகு கல்வெட்டில் அவர் கண்டதே உங்களுக்கும் தெரியும்.

அந்தக் கண்ணாடி எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு செய்தி. இந்திய ஊர்கள் 'சிறு குடியரசுகள்' என்ற கருத்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் மெட்காஃப் 1830இலேயே எழுதிவிட்டார். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டது 1898இல். கல்வெட்டு வெளிவந்தபோது அதை மாட்டி வைக்க ஆணி ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் அன்னிய ஆட்சிக்கு எதிராக வாதாடியவர்களுக்கும் இந்தக் கல்வெட்டு பெருந்துணையாக அமைந்தது. இதைச் சொல்வது அவர்களைக் குறை கூறுவதற்காக அன்று. ஒரு நூலின் வெளியீட்டு ஆண்டைப் பார்க்காமல் அதன் வாதத்தை எடைபோட முடியாது என்பதற்காக.

ஒவ்வொரு நூலிலும் மூன்றைத் தேடுங்கள்: ஆசிரியர் எந்தச் சான்றுகளைக் கொண்டு பேசுகிறார், எவற்றைப் பற்றிப் பேசாமல் கடக்கிறார், தமக்கு முன் எழுதியவர்களில் யாரோடு வாதிடுகிறார். இப்போது அந்த மூவேந்தவேளானிடம் திரும்புவோம். அரசாணையின் பேரில் ஓர் அதிகாரி சபையில் இருந்தார் என்பது ஒரே செய்தி. நீலகண்ட சாஸ்திரி வலுவான அரச நிர்வாகமும் துடிப்பான ஊரவைகளும் சோழ நாட்டில் ஒன்றாக இயங்கின என்று கொண்டவர்; அவர் வழியில் பார்த்தால், அதிகாரியின் வருகை சபையின் உரிமையைக் குறைப்பதில்லை. 1980இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன், சோழ அரசு மையத்திலிருந்து ஆளும் அரசே அன்று, நாடு எனும் வேளாண் வட்டாரங்களே உண்மையான அதிகாரம் உடையவை, மன்னரின் மேலாண்மை பெரிதும் சடங்கு சார்ந்தது என்று வாதிட்டார். அவர் கருத்தை ஏற்பவர் இந்த அதிகாரிக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். கல்வெட்டு ஆய்வாளர்களான நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஒரு கல்வெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், ஏராளமான கல்வெட்டுகளில் வரும் அதிகாரிப் பட்டங்களையும் வரிப்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் தொகுத்து, எண்ணி, காலவரிசையில் வைத்துப் பார்த்தார்கள். அந்த முறை அரசின் கை காலப்போக்கில் எங்கெங்கே நீண்டது என்பதைக் காட்ட முயல்கிறது. மூவேந்தவேளான் என்பதும் இப்படித் தொகுக்கப்பட்ட பட்டங்களில் ஒன்று. ஒரு கல்வெட்டில் ஒரு பெயராக நின்றவர், பட்டியலில் வைக்கும்போது ஒரு நிர்வாக அடுக்கின் உறுப்பினராகத் தெரிகிறார்.

புதிதாக எழுதுபவர் இந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஆசிரியர் கல்வெட்டின் எந்தச் சொல்லின்மேல் நிற்கிறார் என்பதைக் காட்டினாலே கட்டுரை உயர்ந்துவிடும். 'அறிஞர்கள் பலவாறு கருதுகின்றனர்' என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். எந்த அறிஞர், எதைக் கருதுகிறார், எந்த வரியை வைத்து என்று எழுத முடியாவிட்டால் அந்த இடம் இன்னும் படிக்கப்படவில்லை என்று பொருள்.

எழுதும்போது

இதுவரை சேர்த்ததைக் கொண்டு ஒரு பத்தி எழுதிக் காட்டுகிறேன்.

'முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டில் (921) உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபை, தன் வாரியங்களுக்கு வருபவர் கால் நிலத்துக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதினராக, வேதம் அறிந்தவராக இருக்க வேண்டும் என்று விதித்தது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. தகுதி உடையவர்களின் பெயரோலைகளிலிருந்து ஒரு பாலன் எடுத்த ஓலையே முடிவானது; ஆதலால் இதை வாக்கெடுப்பு என்பதைவிடத் திருவுளச் சீட்டு என்பது கல்வெட்டுக்கு நெருக்கமானது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்த ஏற்பாட்டில் வயது வரம்பு வேறாக இருந்ததை நோக்க, சபை தன் விதிகளை அனுபவத்தை ஒட்டித் திருத்திக்கொண்டது எனக் கருத இடமுண்டு.'

இனி வாக்கியம் வாக்கியமாக 'எந்த வரியில்?' என்று கேளுங்கள். முதல் இரண்டும் இடப்பக்கத்திலிருந்து நேராக வந்தவை. 'விதித்தது', 'கூறியது' என்ற வினைகள் விதியை விதியாகவே வைத்திருக்கின்றன. அடைப்புக்குள் உள்ள ஆண்டு மட்டும் கணிப்பு. அதற்கு அடிக்குறிப்பு தேவை. மூன்றாவது வாக்கியத்தின் முற்பாதி கல்வெட்டு, 'ஆதலால்' என்பதற்குப் பிறகு வருவது என் கருத்து. அந்த ஒரு சொல்தான் இரண்டுக்கும் நடுவே உள்ள வேலி. நான்காவது வாக்கியத்தில் வயது வரம்பு வேறாக இருந்தது மட்டுமே சான்று. 'அனுபவத்தை ஒட்டி' என்பது என் ஊகம், அதனால்தான் 'கருத இடமுண்டு' என்று முடித்திருக்கிறேன். ஒருவேளை அரசாணையே திருத்தத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று ஒருவர் எதிர்வாதம் செய்தால், அதற்கும் இதே சான்று இடம் கொடுக்கும். நேர்மையாக எழுதுபவர் அந்த வாய்ப்பையும் அடுத்த வாக்கியத்தில் சேர்த்துவிடுவார்.

'தகுதி உடையவர்களின் பெயரோலைகள்' என்ற தொடரை மறுபடியும் பாருங்கள். எல்லாருடைய பெயருமா, சிலருடையது மட்டுமா என்று முன்பு ஓரத்தில் குறி போட்டு வைத்த இடம் அது. எந்தப் பக்கமும் சாயாத சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். உங்கள் கட்டுரையின் வாதம் அந்த விடையைச் சார்ந்து நின்றால் இப்படி மழுப்பி வைக்கக் கூடாது. இரண்டு வாசிப்புகளையும் பத்தியிலேயே தந்து, நீங்கள் எதை ஏற்கிறீர்கள், கல்வெட்டின் எந்தச் சொல்லை வைத்து ஏற்கிறீர்கள் என்று எழுதிவிட்டு, அதன் பிறகே அடுத்த பத்திக்குப் போங்கள்.